பட்டுப்புழுவும் சின்ன ரம்பமும்: எல்லாம் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் பரிசு

ஓசூரில் இருக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கு இந்தக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பட்டுப்புழு கொடுத்தேன். வாங்கிய 40-இல் 38 நல்லபடியாக நூல் சுற்றி முடித்தன. போன வாரம் அந்துப்பூச்சிகள் வெளியே வந்து முட்டையும் வைத்துவிட்டன. வேலை ஒருவழியாகக் கைகூடி வந்திருப்பதால், செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கைக்கெட்டும் பரிசு. மல்பெரித் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும் நமக்கு வெகு தூரத்தில் இல்லை.

பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 8. அண்ணன், அண்ணி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு எதிலும் குறை வைக்கவில்லை. விளையாட்டுச் சாமானுக்கென்றே சுவரோடு ஓர் அலமாரி இருக்கிறது. அதில் ரிமோட் கார்கள், கட்டை அடுக்கும் செட்டுகள், பேசும் பொம்மை, பிறந்தநாளுக்கு வந்து இன்னும் பிரிக்காத பெட்டிகள். பிள்ளைகள் அடம் பிடிப்பவர்கள் இல்லை. எதைக் கொடுத்தாலும் "தேங்க்ஸ் அத்தை" என்று வாங்கி, கொஞ்ச நேரம் விளையாடி, அலமாரியில் ஒழுங்காக வைத்துவிடுவார்கள். அந்த ஒழுங்குதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

முந்தைய வருடங்களில் வேறு வழிகளும் பார்த்தேன். ஒரு முறை இருவர் பெயரிலும் ஓர் இல்லத்துக்கு நன்கொடை கட்டி, ரசீதை உறையில் போட்டுக் கொடுத்தேன். இல்லத்துக்கு அது உதவியது, எனக்கும் நிறைவாக இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு அது ஒரு காகிதம்தான். இன்னொரு வருடம் எங்கள் நிலத்தில் ஆளுக்கு ஒரு பெங்களூரா ஒட்டு மாங்கன்று நட்டு, பெயர்ப் பலகை வைத்தேன். கன்று நன்றாகத்தான் வளர்கிறது, ஆனால் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றாமலேயே வளர்கிறது. தோட்டத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே 50 கி.மீ. இருந்தால் அப்படித்தான் ஆகும். தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப்போனது சாயங்காலத்தோடு முடிந்தது.

இவற்றையெல்லாம் வைத்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. அந்த வீட்டில் பிள்ளைகளை நம்பி எதுவுமே இல்லை. அவர்கள் ஒரு நாள் படுத்துவிட்டாலும் எல்லாம் அதன்பாட்டுக்கு நடக்கும். ஆகவே, கொடுக்கும் பொருள் அவர்கள் கையை எதிர்பார்க்க வேண்டும், அவர்கள் கவனிக்காவிட்டால் நின்றுபோக வேண்டும் என்று முடிவு செய்தேன். நாய்க்குட்டி நினைவுக்கு வந்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடப் பொறுப்பை அண்ணி தலையில் கட்டுவதைப் பரிசு என்று சொல்ல முடியாது. ஒரு மாதத்தில் தொடங்கி முடிகிற உயிர் வேலை வேண்டும். நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. பட்டுப்புழு!

இதற்கு முந்தைய கிறிஸ்துமஸில் முதல் முறையாக முயன்றபோது புழு முழுவதும் செத்துப்போனது. அதைச் சொல்லாமல் மேலே போனால் படிக்கிறவர்களுக்கும் அதுவே நடக்கும். அப்போது மூன்றாம் பருவப் புழுவை, அதாவது இரண்டு முறை தோலுரித்த புழுவை, தட்டோடு ஓசூருக்குக் கொண்டுபோய், பிள்ளைகள் படுக்கும் அறையில் வைத்தோம். இரவில் வழக்கம்போல் கொசு விரட்டும் திரவ மிஷினைப் பிளக்கில் போட்டிருக்கிறார்கள். காலையில் புழுக்கள் தலையை இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டு, வாயில் பச்சைத் திரவம் கக்கிக் கிடந்தன. மதியத்துக்குள் உடம்பு சுருங்கிவிட்டது. கொசுவைக் கொல்லும் மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும், அதுவும் மிகக் குறைந்த அளவே போதும். கொசுவர்த்திச் சுருள், கரப்பான் ஸ்ப்ரே, செடிக்கு அடித்த பூச்சிமருந்து எல்லாமே இதில் சேர்த்தி. புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த மல்பெரி இலைகூட ஆகாது என்று புழு வளர்ப்பவர்கள் சொல்வார்கள்.

அதனால் இந்த முறை அக்டோபரிலேயே அண்ணியிடம் பேசினேன். பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன் வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிடுவது இந்தப் பரிசின் முதல் படி. அண்ணி இரண்டு நிபந்தனை வைத்தார்: ஹாலில் வைக்கக்கூடாது, நாற்றம் வரக்கூடாது. நான் ஒன்றுதான் கேட்டேன், அந்த ஒரு மாதம் மிஷினுக்குப் பதில் கொசுவலை. ஒத்துக்கொண்டார். கட்டிலுக்கு வலை வாங்கியது ரூ.650. இந்தச் செலவை மறக்காமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் 24-ஆம் தேதி ஒரே உறையில் போட்டுக் கொடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். டிசம்பர் 6 புனித நிக்கொலாஸ் திருநாள். இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா நகரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் அவர். கிறிஸ்துமஸ் தாத்தா அவரிடமிருந்துதான் வந்தார். நெதர்லாந்து, ஜெர்மனிப் பக்கம் பிள்ளைகளுக்கு இந்தத் திருநாளை ஒட்டியே பரிசு கொடுக்கும் வழக்கம் உண்டு. அன்றைக்கு முதல் தவணையைக் கொடுத்தேன்.

பெரியவனுக்கு ஒரு தகரப் பெட்டி நிறையக் கருவிகள். பொம்மைக் கருவி எதுவும் இல்லை, எல்லாம் ஹார்டுவேர் கடையில் வாங்கியவை. 6 அங்குலச் சின்ன ரம்பம் ரூ.130, 200 கிராம் சுத்தியல் ரூ.170, கட்டிங் பிளேயர் ரூ.210, 3 மீட்டர் டேப் ரூ.90, 30 செ.மீ. இரும்பு ஸ்கேல் ரூ.45, அட்டை வெட்டும் கத்தி ரூ.60, உப்புத்தாள் இரண்டு, தகரப் பெட்டி ரூ.240. சுத்தியலை அவன் கையில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாததால், அவன் மணிக்கட்டின் அளவை அண்ணனிடம் கேட்டு, அதே வயதுப் பையன் ஒருவனைக் கடையில் பிடிக்கச் சொல்லி வாங்கினேன். 300 கிராம் சுத்தியல் ஆணியைவிட்டு விலகி விழுந்தது. 200 சரியாக இருந்தது. பொம்மை செட்டில் வரும் பிளாஸ்டிக் ரம்பத்தைவிட நல்ல பல் உள்ள நிஜ ரம்பம் பத்திரமானது. அது வெட்டும், அதனால் பிள்ளை அழுத்தித் திணற வேண்டியதில்லை.

பெட்டியோடு மூங்கில் பிளாச்சு ஒரு கட்டு. வாசலில் தொங்கப்போகும் நட்சத்திரம் இந்த முறை அவன் பொறுப்பு. கடையில் வாங்கப் போவதில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் செய்யாவிட்டால் வாசலில் நட்சத்திரம் கிடையாது.

நட்சத்திரக் கணக்கு இது: 60 செ.மீ. பிளாச்சு 10, 10 செ.மீ. துண்டு 5. ஐந்து நீளப் பிளாச்சை நட்சத்திரமாகக் கட்டினால் ஒரு சட்டம். அதுபோல் இரண்டு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, நடுவே பிளாச்சுகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் 10 செ.மீ. துண்டைச் செருகினால் வயிறு உப்பிக்கொள்ளும். முதல் சட்டம் கோணிக்கொண்டது. பிளாச்சு ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிசாகவும் இருந்ததுதான் காரணம். மெலிசானது மட்டும் வளைந்துகொடுத்தது. பிரித்து, ஏறக்குறைய ஒரே தடிமனில் பத்தைப் பொறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து மறுபடி கட்டினான். நூல் வழுக்கியது. கட்டுக்கம்பியை பிளேயரால் முறுக்கியபோதுதான் நின்றது. முறுக்கிய கம்பியின் முனையை உள்பக்கம் மடக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளைக் கிழிக்கும். பட்டம் விடும் தாள், மைதா பசை, 5 வாட் எல்.இ.டி. பல்பு. வயரிங் மட்டும் அண்ணன். பல்பு போக நட்சத்திரத்துக்கு மொத்தம் ரூ.160 ஆனது.

சின்னவளுக்கு அன்றைக்குக் கொடுத்தது அரைக்கிலோ கேழ்வரகு, ஒரு பை தேங்காய் நார்க்கழிவு, அகலமான பழைய எவர்சில்வர் தட்டு, பூவாளி. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் அவள் வளர்க்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கும் எங்கள் எலத்தகிரி வீட்டில் பாட்டி காலத்தில் கேழ்வரகு நாற்றுத்தான் குடிலுக்குப் புல். இப்போது பச்சைப் பிளாஸ்டிக் பாய் விரிக்கிறோம். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது மாட்டையும் கழுதையையும் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினார். நம் குடிலில் புல்லாவது உயிரோடு இருக்கட்டும் என்றேன்.

கேழ்வரகை இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரத் துணியில் கட்டி, முளை எட்டிப்பார்த்ததும் தட்டில் தூவினாள். ஓசூர் குளிரில் அது மெல்லத்தான் வந்தது. ஆர்வத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. தட்டில் தண்ணீர் வடிய ஓட்டையும் இல்லை. அடித்தண்டு அழுகி ஒரு பக்கம் முழுக்கப் படுத்துக்கொண்டது. போனில் அழுதாள். ஆணியும் சுத்தியலும் பெரியவனிடம் இருந்தன. தட்டைக் கவிழ்த்து அவன் ஓட்டை போட்டுக் கொடுத்தான். காலியான பக்கத்தில் ரேஷன் கோதுமையை விதைக்கச் சொன்னேன். கோதுமைக்குக் குளிர் பிடிக்கும். 24-ஆம் தேதி கோதுமை நாலு அங்குலம் நின்றது, கேழ்வரகு ஓர் அங்குலம்தான். உயரமான புல் குடிலுக்குப் பின்னால், குட்டைப் புல் முன்னால் என்று அவளே பிரித்து வைத்தாள். அடுத்த முறை ஓசூரில் விதைப்பதென்றால் கோதுமை மட்டும் போதும். கிருஷ்ணகிரிக்குக் கீழே வெயில் இருக்கும் ஊர்களில் கேழ்வரகு தாராளமாக வரும்.

இனி புழுவுக்கு வருகிறேன். சூளகிரிக்குப் பக்கத்தில் என் சித்தப்பா ஒருவர் புழு வளர்க்கிறார். விவசாயிகள் முட்டையிலிருந்து தொடங்குவதில்லை. இளம்புழு வளர்ப்பு மையத்தில் இரண்டு முறை தோலுரித்த புழுவைத்தான் வாங்கிவருவார்கள். புழுவுக்கு மொத்தம் ஐந்து பருவம், நடுவில் நான்கு தோலுரிப்பு. அந்த முதல் முயற்சியில் மூன்றாம் பருவத்திலேயே பிள்ளைகளிடம் கொடுக்கப் பார்த்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுவே சரியில்லை. மூன்றாம் பருவத்திலிருந்து கூடு கட்ட 18 முதல் 20 நாள் ஆகும். 24-ஆம் தேதி கொடுத்தால் அதிகம் தின்னும் கடைசி வாரம் பள்ளி திறந்தபின் வந்து மாட்டிக்கொள்ளும். இந்த முறை டிசம்பர் 11-ஆம் தேதி 40 புழுவை வாங்கி, மூன்றாம் நான்காம் பருவத்தை நானே கிருஷ்ணகிரியில் பார்த்துக்கொண்டேன். நான்காவது தோலுரித்து ஐந்தாம் பருவத்தில் நுழையும்போது 24-ஆம் தேதி வந்தது. அரையாண்டு விடுமுறையும் அதே நேரம். சித்தப்பா புழுவுக்குக் காசு வாங்கவில்லை. ஒரு பிளம் கேக் கொடுத்தேன். "பார்த்துக்கோ கண்ணு, தலையைத் தூக்கிட்டு அசையாம நின்னா தோலுரிக்கப் போவுதுன்னு அர்த்தம். அப்ப இலை போடாத, கையும் வைக்காத" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். என் கையில் இருந்த நாட்களில் இரண்டு புழு செத்தன. அந்தத் தோலுரிப்புச் சமயத்தில்தான்.

தட்டு 45 x 30 செ.மீ. பிளாஸ்டிக் டிரே. அடியில் செய்தித்தாள். தட்டைச் சின்ன ஸ்டூலில் வைத்து, நான்கு காலுக்கும் தண்ணீர் ஊற்றிய கிண்ணம். எறும்பு ஏறாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. பல்லிக்கும் ஈக்கும் மேலே கொசுவலைத் துணி. எச்சத்தை அள்ளப் புழுவைக் கையால் தூக்கக்கூடாது. வலையை மேலே விரித்து அதன்மேல் புது இலை போட்டால், புழுக்கள் கண்ணி வழியாக ஏறி வந்துவிடும். அப்படியே வலையைத் தூக்கிவிட்டு அடியில் இருக்கும் தாளைச் சுருட்டி எறியலாம். வெங்காய மூட்டை வலை மூன்றாம் பருவத்துக்குப் போதும். ஐந்தாம் பருவப் புழுவுக்கு அந்தக் கண்ணி சின்னது. தலை நுழைந்து உடம்பு மாட்டிக்கொண்டது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி விடுவித்தேன். 2 செ.மீ. கண்ணி உள்ள பழைய மீன்வலைத் துண்டை காவேரிப்பட்டணத்தில் கேட்டு வாங்கியபின் தொந்தரவு இல்லை.

24-ஆம் தேதி சாயங்காலம் எலத்தகிரியில், நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளம்புவதற்கு முன் தட்டைத் திறந்து காட்டினேன். சின்னவள் நேராகக் கை நீட்டினாள். பெரியவன் இரண்டடி பின்னால் போனான். புழு ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தபோது, அதன் பின்கால்கள் தோலைக் கவ்விப் பிடித்தன. "கிள்ளுது, ஆனா வலிக்கல" என்றாள். பத்து நிமிடத்தில் பெரியவனும் கேட்டு வாங்கிக்கொண்டான். பட்டாசுப் புகை வராத பின்கட்டு அறையில் தட்டை வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனோம். சாம்பிராணி போட்ட அறையும் கூடாது. பவுடர், சென்ட் போட்ட கையும் கூடாது. சோப்பு வாசனை போகும்வரை கையைக் கழுவிய பிறகுதான் தொட வேண்டும்.

27-ஆம் தேதி ஓசூருக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப்பின் வேலை முழுக்க அவர்களுடையது. நான் போனில் மட்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை இலை: காலை 6, மதியம் 1, இரவு 9. காலை வேளை பெரியவன், மதியம் இருவரும், இரவு சின்னவள் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் எழுப்பாமலேயே பையன் 6 மணிக்கு எழுந்தான் என்று அண்ணி போனில் சொன்னார். எனக்கு அது போதும்.

இலைக் கணக்கு: ஒரு புழு தன் வாழ்நாளில் ஏறக்குறைய 25 கிராம் இலை தின்னும், அதில் பெரும்பங்கு ஐந்தாம் பருவத்தில். 38 புழுவுக்குக் கடைசிப் பருவத்துக்கு மட்டும் முக்கால் கிலோவுக்கு மேல் வேண்டும். காம்பு, கழிவு எல்லாம் சேர்த்து 2 கிலோ என்று வைத்துக்கொண்டேன். பாதியை எலத்தகிரியிலேயே கொடுத்தனுப்பினேன். ஈரத் துணியில் சுற்றி, கவரில் போட்டு, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் நாலு நாள் தாங்கும். எடுத்த உடனே போடக்கூடாது. குளிர் விட்டு, ஈரம் துடைத்த பிறகு போட வேண்டும். ஈர இலை தின்றால் புழுவுக்கு வயிறு கெடும். மீதிப் பாதியைச் சித்தப்பா சூளகிரியில் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். அண்ணனும் பெரியவனும் ஓசூர் பஸ் நிலையத்தில் போய் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கட்டு வராவிட்டால் இரவு வேளைக்கு இலை இல்லை என்பது பையனுக்குத் தெரியும். பஸ் வருவதற்கு அரைமணி முன்பே போய் நின்றுகொண்டானாம்.

குளிருக்கும் ஏற்பாடு வேண்டியிருந்தது. இந்தப் பருவத்துக்கு 23 முதல் 25 டிகிரி இருந்தால் நல்லது. ஓசூரில் விடியற்காலை அறைக்குள்ளேயே தெர்மாமீட்டர் 18 காட்டியது. செத்துப்போகாது, ஆனால் தின்பது குறையும், நாள் நீளும். தட்டைப் பெரிய அட்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் வெளிமூலையில் 40 வாட் குண்டு பல்பை, அட்டையில் படாமல் தனி ஸ்டாண்டில் நிறுத்தி இரவில் எரியவிட்டார்கள். 22-க்கு வந்தது. பெரியவர் யாராவது விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் பல்பு. தூங்கும்போது அணைத்துவிட்டுப் பெட்டியைக் கம்பளியால் மூடிவிட வேண்டும். அட்டையும் பல்பும் பக்கத்தில் இருக்கும்போது இதில் சமரசம் கூடாது.

பெரியவன் தானாகவே ஒரு நோட்டுப் போட்டான். சமையலறைத் தராசில் 10 புழுவைச் சேர்த்து நிறுத்தினான். எலத்தகிரியில் முதல் நாள் 9 கிராம், ஏழாம் நாள் 43 கிராம். முட்டையிலிருந்து வந்த நாளோடு ஒப்பிட்டால் புழு ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு எடை கூடுகிறது என்று சித்தப்பா சொன்னதை அட்டையில் எழுதி ஒட்டியிருந்தான். இரவில் டி.வி.யை அணைத்துவிட்டுத் தட்டில் காதை வைத்தால் தூறல் விழுவதுபோல் சத்தம் கேட்குமாம். போனை அங்கே வைத்து எனக்கும் கேட்க வைத்தார்கள்.

ஜனவரி 2-ஆம் தேதி புழு பழுக்கத் தொடங்கியது. பழுத்த புழு தின்பதை நிறுத்திவிடும், உடம்பு சற்றுச் சுருங்கிக் மங்கலான கண்ணாடிபோல் உள்ளே ஊடுருவித் தெரியும், தலையைத் தூக்கி இடம் தேடும். இந்த நேரத்தில் விவசாயிகள் சந்திரிகையில், அதாவது கூடு கட்ட வைக்கும் தட்டியில், விடுவார்கள். பிள்ளைகள் அட்டையில் செய்தார்கள். 3 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, பாதி ஆழம் கீறி, ஒன்றோடு ஒன்று கோத்து, 4.5 x 3 செ.மீ. அறைகள். டிசம்பர் 6 பெட்டியில் இருந்த இரும்பு ஸ்கேலும் கத்தியும் இங்கே உதவின. முட்டை அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதில் கட்டிய கூடுகள் ஒரு பக்கம் தட்டையாக வந்தன. செவ்வக அறைதான் நல்லது. கூடு கட்டுவதற்கு முன் புழு கடைசியாக ஒரு முறை மஞ்சளாகச் சிறுநீர் விடும். அடியில் பழைய தாள் போடாவிட்டால் மேசையில் கறை.

சின்னவள் கேட்ட கேள்விக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். "அத்தை, இதுல இருந்து சேலை எப்படி வரும்?" மறைக்கவில்லை. கூட்டைச் சூடுபடுத்துவார்கள், உள்ளே இருக்கும் கூட்டுப்புழு செத்துவிடும், பிறகு வெந்நீரில் போட்டு நூல் எடுப்பார்கள், ஒரு கூட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நூல் இருக்கும் என்று சொன்னேன். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான் என்பதையும் சொன்னேன். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க புழுவைச் சுடக்கூடாது" என்றாள். பெரியவனுக்கோ நூலை அளந்தே ஆக வேண்டும். இருவருக்கும் சண்டை.

அதற்குச் சித்தப்பாவிடம் வழி இருந்தது. மூலை முடுக்கே இல்லாத சமதளத்தில் பழுத்த புழுவை விட்டால், கூடு கட்டப் பிடிமானம் கிடைக்காமல் நூலைத் தட்டையாக விரித்துவிடும். புழு சாகாது. கூடில்லாமலே கூட்டுப்புழுவாக மாறும். 15 செ.மீ. வட்டப் பலகையைப் பாட்டில்மேல் ஒட்டி, மேலே வழவழப்பான தாள் கட்டி, நான்கு புழுவை விட்டார்கள். விளிம்புவரை போய்க் கீழே எட்டிப் பார்த்துத் திரும்பி வரும், மறுபடி போகும். கீழே விழுந்ததைப் பெரியவன் எடுத்து எடுத்து மேலே விட்டான். ஒன்று யாரும் பார்க்காதபோது இறங்கிப்போய் ஜன்னல் திரையின் மடிப்பில் கூடு கட்டிவிட்டது. அந்தத் திரையை அண்ணி மாதக் கடைசிவரை துவைக்கவே இல்லை. மற்ற மூன்றும் இரண்டு நாளில் பலகையெங்கும் வெள்ளையாக ஒரு தாள் நெய்துவிட்டன. உரித்து எடுத்தபோது வெங்காயத் தோலைவிட மெலிசு, இழுத்தால் கிழியவில்லை. கூடில்லாத மூன்று கூட்டுப்புழுவையும் பஞ்சு விரித்த தீப்பெட்டியில் வைத்தார்கள். நூலின் நீளத்தை அளக்க முடியவில்லை. ஆனால் பெரியவன் அதன்பிறகு அதைக் கேட்கவும் இல்லை.

பொங்கல் கழிந்த சில நாளில், கூட்டின் ஒரு முனை ஈரமாகி, ஓட்டை விழுந்து, பூச்சிகள் வெளியே வந்தன. இந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது, தின்னவும் வாய் கிடையாது, ஒரு வாரம் உயிரோடு இருந்தால் அதிகம். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தது நல்லதாயிற்று. பெண்பூச்சி ஒன்று நானூறு ஐந்நூறு முட்டை வைக்கும். வெள்ளைத் தாளில் கடுகைவிடச் சின்னதாய் மஞ்சள் முட்டைகள். இரண்டு மூன்று நாளில் அவை சாம்பல் நிறமானதும் கெட்டுவிட்டதாக நினைத்துச் சின்னவள் போன் செய்தாள். கெடவில்லை. இந்த வெள்ளைக் கூட்டு இனத்தின் முட்டை உறக்கத்துக்குப் போவதன் அடையாளம் அது. உடனே பொரிக்காது. பட்டு முட்டை தயாரிக்கும் இடங்களில் அமிலத்தில் நனைத்து எழுப்புவார்கள், வீட்டில் அது வேண்டாம். முட்டைத் தாளை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஓட்டை விழுந்த கூடுகளில் ஆட்டுக்குட்டி செய்யத் தொடங்கியிருக்கிறாள் சின்னவள், அடுத்த குடிலுக்கு. காதுக்குக் கூட்டிலேயே வெட்டிய துண்டு, காலுக்குத் தீக்குச்சி.

செலவு: கருவிப் பெட்டி உப்புத்தாளோடு ரூ.970 சொச்சம், நட்சத்திரம் ரூ.160, விதையும் நார்க்கழிவும் ரூ.110, தட்டு, வலை, தெர்மாமீட்டர், பல்பு ரூ.480, கட்டில் வலை ரூ.650. கேக்கைச் சேர்க்கவில்லை. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து 2,400 ரூபாய்க்குள். இதில் கருவியும் தட்டும் வலையும் அடுத்த வருடமும் இருக்கும்.

இதுவரை சொன்னதோடு இன்னும் சில மாற்றங்கள் மனதில் இருக்கின்றன. 40 புழு இரண்டு பிள்ளைக்கு அதிகம். 20 போதும், இலையும் பாதியாகும், பிள்ளைகள் ஒவ்வொன்றையும் அடையாளம் பார்க்கவும் முடியும். தட்டையாக நூல் விரிக்க விடுவதை நான்கு புழுவோடு நிறுத்தாமல் பத்து வைத்தால், அந்தப் பட்டுத்தாளையே நட்சத்திரத்தின் ஒரு முனைக்கு ஒட்டலாம் என்று பெரியவன் சொல்கிறான். அதற்கு நவம்பரிலேயே ஒரு தொகுதி வளர்க்க வேண்டும், பள்ளி நாள் என்பதால் அண்ணியிடம் மறுபடி கேட்க வேண்டும். இலைக்குப் பஸ்ஸை நம்பியிருப்பதும் சரிவராது. சித்தப்பா தோட்டத்தில் பென்சில் தடிமனில், மூன்று நாலு மொட்டு உள்ள வி1 ரக மல்பெரிக் குச்சிகளை வெட்டி, 20 லிட்டர் பெயின்ட் வாளி மூன்றில் செம்மண்ணும் எருவும் கலந்து நட்டு, அவர்கள் மொட்டைமாடியில் வைத்திருக்கிறோம். வாளிக்கு அடியில் ஓட்டை போட்டது பெரியவன். தண்ணீர் ஊற்றுவது சின்னவள், இந்த முறை விரலை மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டு. பக்கத்து மாடியில் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டியது மட்டும் பாக்கி.